பொட்டு வைக்காத செட்

ஜனவரி 9, திங்கள்

டாக்டர் சொன்னதால் எழுதுகிறேன். இல்லையென்றால் எனக்கும் டைரிக்கும் ஏழாம் பொருத்தம். உரக்கடைக்காரர் புதுவருசத்துக்கு ஓசியில் கொடுத்தது இது. முதல் பக்கத்தில் வேப்பம்புண்ணாக்கு மூட்டை படம். பிரஷர் எக்கச்சக்கமாக இருக்கிறதாம். "கோபம் வந்தா கையை நீட்டாதீங்க, ஒரு நோட்டுல எழுதுங்க, பாதி வடிஞ்சிரும்" என்றார். ஜெயக்கொடிக்கு ஒரே சந்தோசம். பெண்டாட்டி சொல்லிக் கேட்காதவன் டாக்டர் சொன்னால் கேட்பான் என்று அவளுக்குத் தெரியும்.

கோபத்துக்குக் காரணம் இதுதான். சனிக்கிழமை ஒருத்தன் டிவிடி பிளேயரைத் தூக்கிக்கொண்டு என் ரிப்பேர் கடைக்கு வந்தான். டிஸ்க் உள்ளே மாட்டிக்கொண்டதாம். பிளக்கைப் பிடுங்காமலே மூடியைக் கழற்றி, மகளை டார்ச் அடிக்கச் சொல்லி, கத்தரிக்கோலால் நெம்பியிருக்கிறான். ஆறு வயதுப் பிள்ளை பக்கத்தில் நின்றிருக்கிறது. அவன் கன்னத்தில் ஓங்கி ஒன்று விட்டேன். அவன் திருப்பி இரண்டு விட்டான். டீக்கடை அந்தோணி வந்து விலக்கிவிட்டார்.

அடித்தது தப்புதான். ஆனால் கரண்ட் விசயத்தில் விளையாடுகிறவனைப் பார்த்தால் எனக்குக் கண்மண் தெரியாது. பிளக்கைப் பிடுங்கினாலும் உள்ளே பெரிய கண்டன்சரில் கரண்ட் நிற்கும். செத்த பாம்பு என்று நினைத்துத் தொட்டால் கடிக்கும். அதை ஒரு பல்பு வைத்து இறக்கிவிட்டுத்தான் நான் கையை உள்ளே விடுவேன். டிஸ்க்கைப் படிக்கிற லேசர் லென்ஸ் எரியும்போது நேராகக் குனிந்து பார்க்க மாட்டேன், கண் போய்விடும். வேலை முடிந்ததும் முதல் தடவை நேர்க் கரண்டில் போட மாட்டேன், சீரிஸ் பல்பு வழியாகத்தான், கோளாறு இருந்தால் பல்பு பளிச்சென்று எரிந்து காட்டிக்கொடுக்கும். கடைசியாக மூடியைப் பூட்டிவிட்டு, வெளித்தகட்டில் கரண்ட் கசிகிறதா என்று மீட்டர் வைத்துப் பார்ப்பேன். இல்லை என்றால் பின்பக்கம் ஒரு ஸ்குரூ தலையில் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு பொட்டு. மறுபடி திறக்கும்போது பழைய பொட்டைச் சுரண்டி எடுத்துவிடுவேன்.

பொட்டு என் தங்கை புஷ்பத்தின் யோசனை. தங்கபுஷ்பம் என்று முழுப்பெயர். கல்யாணத்துக்கு முன்னால் என்னோடு கடையில்தான் இருந்தாள். நெயில் பாலிஷும் அவளுடையதுதான். பொட்டு இல்லாத செட் கடைப்படி இறங்கக் கூடாது என்று சட்டம் போட்டவளும் அவள்தான். அவள் கல்யாணமாகிப் போய் மூன்று வருசம் ஆகிறது. பொட்டு மட்டும் நிற்கவில்லை.

எழுதினால் கோபம் வடிகிறதா என்று தெரியவில்லை. விரல் வலிக்கிறது.

ஜனவரி 13, வெள்ளி

மாப்பிள்ளை காளிராஜ் வந்தார். புஷ்பத்தின் வீட்டுக்காரர். தனியார் பஸ்ஸில் கண்டக்டர். முன்னால் வருகிற பஸ்ஸை விட்டுவிட்டு, கிழவிகள் அவர் பஸ்ஸுக்குக் கூட்டமாகக் காத்திருந்து ஏறுவார்கள், அப்படி ஒரு வாய். கடைக்குள் வரும்போதே சிரிப்பு வந்துவிடும்.

"மச்சான், ரிமோட்டு கீழ விழுந்துருச்சு, பாருங்க" என்று ஒரு பையைக் கொட்டினார். நான்கு துண்டு. கல்யாணத்துக்குச் சீராக நான் வாங்கிக்கொடுத்த ஹோம் தியேட்டரின் ரிமோட். ஐந்து ஸ்பீக்கர், ஒரு ஊஃபர், டிவிடி போடுகிற பெட்டி. ஊரில் அப்போது அண்ணன் சீராக ஹோம் தியேட்டர் இறக்கியது நான் ஒருத்தன்தான்.

கீழே விழுந்தால் இப்படி உடையாது. மாடியிலிருந்து போட்டால் உடையும். உள்ளே ஸ்குரூவில் நீளமாக நாலைந்து முடி சுற்றியிருந்தது. வீடு பெருக்கும்போது சிக்கியிருக்கும்.

தேறாது என்று சொல்லிவிட்டேன். வேறு வாங்கித் தரட்டுமா என்றதற்கு, "வேண்டாம் மச்சான், பெட்டியிலயே பட்டன் இருக்குல்ல" என்றார்.

ஜனவரி 16, திங்கள்

மாட்டுப் பொங்கல். புஷ்பம் வீட்டுக்குப் பொங்கல்படிச் சீர் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தோம். மாப்பிள்ளை கறி எடுத்து விருந்து வைத்தார். சாப்பிட்டதும் செட்டைப் போட்டுக் காண்பித்தார். பஞ்சைத் தொடுகிற மாதிரி பட்டனைத் தொடுகிறார். "மச்சான் குடுத்த செட்டு. என்னத் தவிர ஒரு பய இதத் தொடக்கூடாதுன்னு சொல்லி வச்சிருக்கேன்" என்றார். எனக்கு நெஞ்சு நிறைந்தது.

திடீரென்று கரண்ட் போய்விட்டது. இந்த வருசம் கரண்ட் போவதைவிட வருவதுதான் செய்தி. திரும்பி வந்தபோது தெருப்பிள்ளைகள் எல்லாம் 'ஏ' என்று கத்தின. புஷ்பம் மட்டும் கையிலிருந்த பாயசத் தம்ளரைக் கீழே போட்டுவிட்டாள்.

வரும்போது ஜெயக்கொடி, "ஏங்க, உங்க தங்கச்சி ஒரு கன்னத்துக்கு மட்டும் அம்புட்டு மஞ்சள் பூசியிருக்கா, பாத்தீங்களா" என்றாள். பெண்களுக்கு வேறு வேலை இல்லை.

பிப்ரவரி 4, சனி

ஊஃபரின் கம்பிச்சுருள், அதான் காயில், எரிந்துவிட்டது என்று காளிராஜ் செட்டையும் சேர்த்துக் கொண்டுவந்தார். பெட்டிக்குள் சத்தத்தைக் கூட்டிக்கொடுக்கிற ஆம்ப் பக்கமும் கருகிக் கிடக்கிறது. முழுச் சத்தம் வைத்து ஓட்டினால்தான் இப்படி ஆகும். சின்ன வீடு, அதில் இவ்வளவு சத்தம் எதற்கு என்று கேட்டேன். "பாட்டுன்னா எனக்கு உசுரு மச்சான்" என்றார்.

ட்ரேயைத் திறந்தால் நம்ம ஊர் பங்குனிப் பொங்கல் வீடியோ டிஸ்க். உறுமி, தவில், பம்பை. சரி பண்ணிவிட்டுச் சோதனைக்கு அதையே போட்டேன். சத்தத்தைக் கூட்டி வைத்தேன். டீக்கடை அந்தோணி கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டே ஒரு ஆட்டம் போட்டார். நானும் இரண்டு எட்டு வைத்தேன். நல்ல அடி.

பிப்ரவரி 6, திங்கள்

செட்டைக் கொடுத்துவிட்டேன். பொட்டு வைத்தாகிவிட்டது.

பிப்ரவரி 22, புதன்

மறுபடியும் அதே செட். இந்தத் தடவை அலமாரியிலிருந்து விழுந்ததாம். மூடியின் ஒரு முனை உள்ளே நசுங்கியிருக்கிறது. திறந்து பார்த்தேன். ட்ரேயின் பெல்ட் கழன்றிருக்கிறது, லென்ஸ் நகர்ந்திருக்கிறது. ட்ரேக்கு அடியில் கண்ணாடி வளையல் துண்டுகள். பச்சை.

நசுங்கிய முனையில் காய்ந்துபோய்க் கருஞ்சிவப்பாக ஒரு தடம். ஆயுதபூஜைக்கு வைத்த குங்குமமாக இருக்கும். தின்னர் போட்டுத் துடைத்தேன், அசையவில்லை. தண்ணீர் தொட்டுத் துடைத்தேன், கரைந்து வந்துவிட்டது. துணியை வெளியே போட்டுவிட்டேன்.

குங்குமமும் தண்ணீரில் போகத்தானே செய்யும்.

பிப்ரவரி 23, வியாழன்

காலையில் கடையைத் திறக்கும் முன்பே புஷ்பம் வீட்டு வாசலில் நின்றாள். கையில் ஒரு துணிப்பை. நெற்றிக்கு மேலே முடிக்குள் தையல் போட்டிருக்கிறது. ஜெயக்கொடி பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"வழுக்கி விழுந்துட்டேண்ணே" என்றாள். பிறகு, "கொஞ்ச நாளைக்கு இங்க இருந்துக்கிடவா" என்றாள்.

நான் என்ன செய்யட்டும். மூன்று வருசமாகப் பிள்ளை இல்லை என்று அந்தப் பக்கம் ஏற்கெனவே பேச்சு. இதில் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள் என்றால் ஊர் வாயை மூட முடியுமா. சாப்பிட வைத்தேன். குடும்பம் என்றால் அப்படி இப்படித்தான் இருக்கும், அனுசரித்துப் போகணும் என்று பக்குவமாகச் சொன்னேன். "செட்டு ரெடியாண்ணே" என்று மட்டும் கேட்டாள். ரெடி என்றேன். ஆட்டோ பிடித்து அவளையும் செட்டையும் சேர்த்துக் கொண்டுபோய் விட்டேன். வண்டியில் வரும்போது செட்டைத் திருப்பிப் பின்பக்கம் பொட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டே வந்தாள். பழைய ஞாபகம் போல.

மாப்பிள்ளை வாசலுக்கு வந்து, "வாங்க மச்சான்" என்று பையை வாங்கிக்கொண்டார். நல்லபடியாக முடிந்தது.

ஜெயக்கொடி ராத்திரிச் சாப்பாட்டை என் முன்னால் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள்.

பிப்ரவரி 24, வெள்ளி

இன்று கோபம் எதுவும் வரவில்லை. எழுத ஒன்றுமில்லை.

மார்ச் 5, திங்கள்

ஜெயக்கொடி எழுதுகிறாள், நான் சொல்லச் சொல்ல. என் வலது கையில் கட்டு.

மத்தியானம் ஒரு வீட்டில் டிவி ரிப்பேர் பார்க்க மேட்டுத்தெரு வழியாகப் போனேன். புஷ்பம் வீட்டுத் தெரு அது. அப்போதுதான் கரண்ட் வந்தது. நாலு வீடு தள்ளிப் போவதற்குள் மேளம் கேட்டது. அதே டிஸ்க். தெருவில் நின்ற பெண்கள் ஒவ்வொருத்தராக உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்கள். பக்கத்து வீட்டுத் தையல்கார லூர்தக்கா மட்டும் கத்தரிக்கோலோடு வாசலில் நின்றார். "உள்ள போகாத தம்பி. மேளம் முடியட்டும்" என்றார்.

அந்த வார்த்தையில் எல்லாம் விளங்கிவிட்டது. ரிமோட்டில் சுற்றிய முடி, கன்னத்து மஞ்சள், வளையல் துண்டு, தண்ணீரில் கரைந்த அந்தத் தடம், எல்லாம். விளங்கிவிட்டது என்று சொல்வதும் பொய்தான். முன்பே தெரிந்ததை இன்றைக்குத்தான் ஒத்துக்கொண்டேன்.

கதவைத் தள்ளிக்கொண்டு போனேன். புஷ்பத்தின் முடியை இடது கையில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, அவள் தலையைக் கட்டில் காலில் மோதிக்கொண்டிருந்தான். அவள் வாய் அகலத் திறந்திருந்தது. கத்துகிறாள். எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. உறுமிதான் கேட்டது. என் கையால் காயில் கட்டி, என் கையால் சத்தம் கூட்டிப் பார்த்த ஊஃபர்.

அவன் சட்டையைப் பிடித்தேன். அவ்வளவுதான் நான் செய்தது. டிக்கெட் பையைச் சுழற்றி முகத்தில் அடித்தான், சில்லறையோடு. மூக்கில் ரத்தம் வந்தது. கீழே போட்டு விலாவில் மிதித்தான். பிறகு என் வலது கையை நிலையில் வைத்துக் கதவை அறைந்து சாத்தினான். இரண்டு விரல் முறிந்துவிட்டது. "செட்டு பாக்குற கைதான, பத்திரமா வச்சுக்கோ மச்சான்" என்றான். அப்போதும் மச்சான்தான்.

எப்போது மேளம் நின்றது, யார் நிறுத்தியது என்று நான் கவனிக்கவில்லை.

"வா, போயிரலாம்" என்று புஷ்பத்தைக் கூப்பிட்டேன். அவள் நெற்றியைச் சேலையால் அழுத்திக்கொண்டே சொன்னாள். "ஒரு தடவ வந்தேன்லண்ணே. நீதான கொண்டாந்து விட்டுட்டுப் போன."

(இதற்குமேல் அவர் சொல்லவில்லை. அழுகிறார். - ஜெயக்கொடி)

மார்ச் 8, வியாழன்

இடது கையால் எழுதுகிறேன். கோழி கிண்டினது போல இருக்கிறது.

பெரியப்பாவும் சித்தப்பாவும் போய்ப் பேசிவிட்டு வந்தார்கள். காளிராஜ் காலில் விழுந்தானாம். காபி கொடுத்தானாம். "தங்கமான பிள்ளைப்பா, குடிச்சா கொஞ்சம் கை நீளும், அம்புட்டுதான்" என்றார் பெரியப்பா. அக்கம்பக்கத்தில் விசாரித்தார்களா என்று கேட்டேன். யாரும் எதையும் கேட்டதில்லை என்று சொன்னார்களாம். அதில் பொய்யில்லை. மேளத்தைத் தவிர அவர்களுக்கு எது கேட்டது.

புஷ்பம் வரமாட்டேன் என்கிறாள். வந்தால் கடையைக் கொளுத்திவிடுவேன் என்று சொல்லியிருக்கிறானாம். அவன் கொளுத்துவான்.

மார்ச் 14, புதன்

அவன் வந்தான். செட்டைத் தோளில் வைத்துக்கொண்டு, சிரித்துக்கொண்டு. கரண்ட் ஏறி இறங்கியதில் செட் செத்துவிட்டதாம். "பழச மனசுல வைக்காதீங்க மச்சான். வெள்ளிக்கிழம லீவு. அதுக்குள்ள குடுத்துருங்க, மேளம் இல்லாம வீடு வீடா இல்ல" என்றான்.

என் கட்டுப்போட்ட கையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். அந்தோணி கையிலிருந்த டீயை அவன் மூஞ்சியில் ஊற்றப் பார்த்தார். நான் தடுத்துவிட்டு, வெள்ளிக்கிழமை வாங்கிக்கிடுங்க மாப்ள என்றேன்.

எனக்கு அப்போது கோபமே இல்லை. அதைத்தான் எழுதிவைக்க வேண்டும். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். என் புத்தி இன்றைக்குத் தெளிவாக ஓடியது.

மார்ச் 15, வியாழன்

பழைய பொட்டைச் சுரண்டிவிட்டு மூடியைத் திறந்தேன். புத்தி தெளிவாக ஓடியது என்று நேற்று எழுதியவன், கண்டன்சரை இறக்காமல் கையை விட்டேன். இத்தனை வருசத்தில் முதல் தடவை. தோள்பட்டை வரை இழுத்து அடித்தது. ஸ்டூலோடு பின்னால் விழுந்தேன். நாக்கைக் கடித்துக்கொண்டேன், வாய் முழுக்க ரத்தம். கொஞ்ச நேரம் மேலே சுற்றாத ஃபேனைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

அது எனக்கு விட்ட எச்சரிக்கை என்று வேறொருவன் எடுத்துக்கொள்வான். நான் அதை அளவு பார்த்தேன். மிச்சக் கரண்டே இப்படி என்றால் நேர்க் கரண்ட் எப்படி இருக்கும் என்று.

செட்டை ஓட வைத்துவிட்டேன். பிறகு இன்னொரு வேலையும் செய்தேன். ஒரு வயர். எதிலிருந்து எதற்கு என்று எழுத மாட்டேன், இதைப் படித்து ஒருவரும் கற்றுக்கொள்ளக் கூடாது. பிளக்கைச் சொருகினால் பட்டனைச் சுற்றியிருக்கும் தகடு முழுக்கக் கரண்ட். செட்டை அவனைத் தவிர யாரும் தொடக்கூடாது என்று அவனே சொல்லியிருக்கிறான். அவன் வாயாலேயே அவனுக்கு.

மூடியைப் பூட்டினேன். நெயில் பாலிஷ் பாட்டிலைத் திறந்தேன். பொட்டு வைத்தால் சந்தேகம் வராது. கை போகவில்லை. எத்தனையோ செட்டுக்கு வைத்த பொட்டு, ஒன்றில்கூடப் பொய் இல்லை. ஆளைக் கொல்லத் துணிந்தவனுக்கு ஒரு பொய்ப் பொட்டு வைக்க வரவில்லை. பாட்டிலை மூடிவிட்டேன்.

அவன் சாகட்டும். நான் எழுதுகிறேன், அவன் சாகட்டும்.

மார்ச் 17, சனி

நேற்று நடந்ததை முழுக்க எழுத வேண்டும்.

மத்தியானம் கரண்ட் போன கையோடு காளிராஜ் வந்து செட்டை வாங்கிக்கொண்டு போனான். ஓட்டிக் காட்டு என்று கேட்கவில்லை, கரண்ட் இல்லையே. பைக்கில் முன்னால் வைத்துக்கொண்டு, விசில் ஊதிக்கொண்டு போனான். கரண்ட் வர மூன்று மணி நேரம் ஆகும். நான் கடையில் உட்கார்ந்து எதையும் பார்க்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கரண்ட் வருகிற நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் லூர்தக்கா தையல் மிசின் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்தார். மோட்டாரை மேஜையில் வைத்துவிட்டு, "செட்டக் குடுத்துட்டியா தம்பி? ஒரு வாரம் இழுத்தடிச்சிருக்கக் கூடாதா? அந்தப் பிள்ள நாலு நாள் நிம்மதியா இருந்திருக்கும்" என்றார்.

"இன்னியோட முடிஞ்சிரும்க்கா" என்றேன்.

"எங்க முடிய. இப்பக் கரண்டு வந்ததும் பாரு. 'எந்திரி, போயி மேளத்தப் போடுடி'ம்பான். அவளும் எந்திரிச்சுப் போயி பட்டன அமுக்கிட்டு வந்து, முன்னால நிப்பா. அடிக்கிறவனுக்குக் கொட்டும் அடிவாங்குறவதான் போட்டுக்குடுக்கணும். எந்த ஊர்லயாவது கண்டிருக்கியா இத?"

"அவன்தான போடுவான்? யாரையும் தொட விடமாட்டானே" என்றேன்.

"விருந்தாளு வந்தா அவன் போடுவான். ரிமோட்டு இருந்தவரைக்கும் கட்டில்ல படுத்துக்கிட்டு அவனே போட்டான். அத அவ மண்டையில அடிச்சு ஒடச்ச பெறகு அவதான்."

கெடுவான் கேடு நினைப்பான். நான் நினைத்த கேடு என் தங்கச்சி விரல் நுனியில் போய் நின்றது.

ஓடினேன். செருப்பு ஒன்று பஸ் ஸ்டாண்டு முக்கில் போய்விட்டது. போன் அடித்துக்கொண்டே ஓடினேன், அவள் போன் அணைந்து கிடந்தது, கரண்ட் இல்லாத ஊரில் எந்தப் போனில் சார்ஜ் இருக்கும். லாரி ஒன்று மேலே ஏற்றப் பார்த்தது. விலாவில் அவன் மிதித்த இடம் குத்தியது. சாமி, கரண்ட் வரக்கூடாது, இன்னும் ஒரு நாழி வரக்கூடாது என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓடினேன். ஊரே கரண்டுக்கு வேண்டிக்கொண்டிருக்க, நான் ஒருத்தன் இப்படி.

மேட்டுத்தெரு முனையில் கால் வைத்தேன், கரண்ட் வந்துவிட்டது. வீட்டுக்கு வீடு டிவி பேசியது, கிரைண்டர் ஓடியது, பிள்ளைகள் 'ஏ' என்று கத்தின. மேளம் கேட்கவில்லை. பட்டனை அமுக்கியிருந்தால் மேளம் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் தொட்டவுடனே விழுந்துவிட்டாள். செத்துவிட்டாள், நான் கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன். ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அப்போது அவள் கத்தினாள்.

மூன்று வருசத்தில் முதல் தடவையாக அந்தச் சத்தம் தெருவுக்கு வந்தது. மேளம் இல்லாமல், மூடி மறைக்க ஒன்றும் இல்லாமல். 'அம்மா' என்றோ 'அண்ணே' என்றோ இல்லை. அறுக்கப்போகிற மாடு கத்துமே, அது. தெருவில் ஒவ்வொரு கதவாகத் திறந்தது. கிரைண்டரை நிறுத்தினார்கள். டிவியை நிறுத்தினார்கள். இனிமேல் கேட்கவில்லை என்று ஒருத்தரும் சொல்ல முடியாது.

நான் உள்ளே போனபோது அவள் சுவரோரம் சுருண்டு கிடந்தாள். செட்டின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கி, வயரைக் கையில் சுற்றி, இரண்டு கையாலும் வயிற்றோடு அணைத்துப் பிடித்திருந்தாள். அவன் பெல்ட்டின் இரும்புப் பக்கத்தால் அந்தக் கையிலேயே அடித்துக்கொண்டிருந்தான். "குடுடி, வயரக் குடுடி." முழங்கை வரை தோல் உரிந்து ரத்தம். ஒரு கண் மூடிவிட்டது. அவள் விடவில்லை.

அடிக்க எனக்குக் கை இல்லை. அதனால் அவன் மேல் விழுந்து தோளைக் கடித்தேன். சதை வாயோடு வருகிற மாதிரி கடித்தேன். அவன் என் தலையைச் சுவரில் இடித்தான், நான் விடவில்லை. அதற்குள் தெருப் பெண்கள் உள்ளே வந்துவிட்டார்கள். ஒருத்தி உலக்கையால் அவன் முழங்காலில் போட்டாள். ஒருத்தி மிளகாய்ப்பொடியைக் கண்ணில் அப்பினாள். எனக்குப் பின்னாலேயே ஓடிவந்த லூர்தக்கா தன் வீட்டுத் தையல் மேஜை மேலிருந்த கத்தரிக்கோலை எடுத்துவந்து அவன் கழுத்தில் வைத்து, "அசஞ்ச, துணி மாதிரி வெட்டிருவேன்" என்றார். முடியைப் பிடித்துத் தெருவில் இழுத்துப் போட்டு அடித்தார்கள். மூன்று வருசத்துக்கும் சேர்த்து அடித்தார்கள். போலீஸ் வரும்வரை அடித்தார்கள்.

நான் புஷ்பத்தின் பக்கத்தில் உட்கார்ந்து, வயரை விடு என்றேன். விட மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். வாயிலிருந்து ரத்தத்தோடு சொன்னாள்.

"இதுல பொட்டு இல்லண்ணே."

மார்ச் 21, புதன்

பெரியாஸ்பத்திரி. அவளுக்கு முன்கை எலும்பு இரண்டு இடத்தில் முறிவு. கண் தப்பிவிட்டது. காளிராஜ் கோர்ட்டில் நிறுத்தப்பட்டு உள்ளே இருக்கிறான். மேட்டுத்தெருவில் பதினோரு பேர் சாட்சி சொல்லியிருக்கிறார்கள். பெரியப்பாவும் வந்து பார்த்துவிட்டு, "எனக்கு அப்பவே தெரியும்" என்றார். அவரை அடிக்காமல் விட்டேன். டாக்டர் சந்தோசப்படுவார்.

ஜெயக்கொடி கஞ்சி வாங்கப் போனபோது புஷ்பம் என்னைக் கூப்பிட்டாள்.

"யாருக்குண்ணே வச்ச?"

"அவனுக்கு."

"போடுறது நான்னு தெரியாதா?"

"சத்தியமாத் தெரியாது."

"நீ பொட்டு வச்சிருந்தா நான் செத்துப்போயிருப்பேன்" என்றாள். "மொதல்ல ஒருவேள மறந்துட்டியோன்னுதான் நெனச்சேன். நீயாவது, மறக்குறதாவது. நான் தொடாம நின்னதும் அவுக எந்திரிச்சுத் தானே போடப் போனாக. நான்தான் பிளக்கப் பிடுங்கினேன்."

"ஏன் பிடுங்கின? தொடட்டும்னு விட்டிருக்க வேண்டியதுதானே."

"அவுக செத்தா நீ தூக்குல தொங்குவ. ஜெயக்கொடி மதினிக்கு யாரு இருக்கா?"

தெரிந்திருந்தால் இப்படிச் செய்திருக்க மாட்டேன், எனக்கு யாரும் சொல்லவில்லை என்று உளறினேன்.

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்" என்றாள். "மூணு வருசமா வந்து செட்டுக்கு என்ன, செட்டுக்கு என்னன்னுதான் கேட்ட. எனக்கு என்னன்னு ஒரு தடவகூடக் கேக்கலியேண்ணே."

குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். உயர்த்தியிருந்தால் தேவலை.

மார்ச் 27, செவ்வாய்

பங்குனிப் பொங்கல் கொட்டு தொடங்கிவிட்டது. கோயில் மேளம் தெருவுக்குள் வரும்போது புஷ்பம் எங்கள் வீட்டு அடுப்படிக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறாள். ஜெயக்கொடி கூடப் போய் உட்காருகிறாள். ஜன்னலைச் சாத்துவது மட்டும் என் வேலை.

ஏப்ரல் 18, புதன்

புஷ்பம் இன்று கடைக்கு வந்தாள். ஒரு கையில் இன்னும் மாவுக்கட்டு. போலீஸ் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்த செட் மூலையில் சாக்குப் போட்டு மூடிக் கிடந்தது. அதில் கரண்ட் இருந்ததை அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அவர்களும் சொருகிப் பார்க்கவில்லை, சாமி காப்பாற்றியது. நான் இத்தனை நாளாக அதைத் தொடவில்லை.

அவள் சாக்கை எடுத்துவிட்டு அதை மேஜையில் வைக்கச் சொன்னாள். என்னைத் தள்ளி நிற்கச் சொன்னாள். ஒரு கையாலேயே மூடியைக் கழற்றினாள். பல்பு வைத்துக் கண்டன்சரை இறக்கினாள், ஒரு மாதமாகச் சும்மா கிடந்த செட் என்று விட்டுவிடவில்லை. டிஸ்க்கை எடுத்து என்னிடம் நீட்டினாள். நான் முறித்துப் போட்டேன். பிறகு உள்ளே தேடி நான் வைத்த வயரைக் கண்டுபிடித்துப் பிடுங்கினாள். விரல் நீளம்கூட இல்லை. அதை என் முன்னால் வைத்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை.

சீரிஸ் பல்பில் போட்டாள். நேர்க் கரண்டில் போட்டாள். மீட்டர் வைத்துத் தகட்டை நாலு பக்கமும் பார்த்தாள், இரண்டு தடவை. பிறகு கையை நீட்டினாள். நான் மேஜை இழுப்பறையைத் திறந்து நெயில் பாலிஷ் பாட்டிலை எடுத்தேன். என் இரண்டு விரல் இன்னும் மடங்கவில்லை, மூடியைத் திறக்க நேரமாயிற்று. அவள் அவசரப்படுத்தவில்லை.

பொட்டு வைத்து ஊதிக் காயவைத்தாள். பாட்டிலைத் திருப்பித் தரவில்லை. தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"இனிமே கடைசி டெஸ்ட்டு நான்தான் பாப்பேன்" என்றாள். "ஒன் கையால பொட்டு வேண்டாம்ண்ணே."

சரி என்றேன்.